பேரோடு வந்ததென்று சொன்னார்கள்

என் பெரியண்ணனை வீட்டில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அது எங்கள் தாத்தாவின் பேர். மூத்த பையனுக்கு அய்யாவைப் பெற்றவரின் பேரை விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மாமனார் பேரை அம்மா வாயால் சொல்லக்கூடாது. பெற்ற தகப்பன் பேரைச் சொல்லி ‘ஏலே’ போட அய்யாவுக்கும் மனசு வராது. ஆகவே பெரியவன் என்பதே அவருக்குப் பேராகிவிட்டது. ஊரில் பாதி வீட்டில் இப்படி ஒரு பெரியவன் இருப்பான், இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பேரைச் சொல்லாததற்கு மரியாதை மட்டும் காரணமில்லை. பயமும் இருந்தது.

தாத்தாவை நான் பார்த்ததில்லை. அனுமந்தன்பட்டியில் வாய்க்கால் பாய்கிற வயல் வைத்திருந்த நல்ல சம்சாரி என்றுதான் சொல்வார்கள். முப்பது வயதுக்கு மேல் ஒருநாள் நாற்றங்காலில் நின்றுகொண்டு எதிரே யாரும் இல்லாமல் பேச ஆரம்பித்தாராம். அந்தப் பேச்சு பிறகு நிற்கவே இல்லை. வேட்டியில்லாமல் தெருவில் ஓடினார், அடிக்க வந்தார், வயலில் நின்ற பயிரைப் பிடுங்கினார். கடைசியில் மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய அறையில் காலைத் தொழுக்கட்டையில் மாட்டி உட்கார வைத்துவிட்டார்கள். தொழுக்கட்டை என்றால் கணுக்கால் போகிற அளவுக்கு இரண்டு துளை போட்டு நடுவில் பிளந்த புளியமரக் கட்டை. மேல் பாதியைத் தூக்கிக் காலை வைத்து, மூடி, இரும்பு ஆணியை இறக்கிவிட்டால் ஆள் எழுந்திருக்க முடியாது. தாத்தா பதினோரு வருஷம் அதில் இருந்தார், அதிலேயே செத்தார்.

அவர் செத்த வருஷமே பெரியண்ணன் பிறந்தார். தாத்தாவே வந்து பிறந்துவிட்டார் என்று சந்தோஷமாகப் பேரை விட்டார்கள். காதுகுத்துக்கு வந்த யாரோ ஒரு சொந்தக்காரர், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாராம்.

“பேரை விட்டீக, சரி. பேரோட உள்ளதும் சேந்து வருமே, அத யோசிச்சீகளா?”

அந்த மனுஷன் சாப்பிட்ட சோற்றுக்குச் செய்த உபகாரம் அது. விட்ட பேரைத் திரும்ப எடுத்தால் செத்தவருக்கு அவமானம். எடுக்காவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து. அய்யாவும் அம்மாவும் எடுக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. அதற்குப் பதிலாக என் அண்ணனைக் காவல் காக்க ஆரம்பித்தார்கள்.

காவல் என்று சும்மா சொல்லவில்லை. அவர் தனியாகச் சிரித்தால் அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவருவாள். சிரிப்பு நீண்டால் தலையில் நல்லெண்ணெய். கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினால் நல்லெண்ணெய், தூக்கம் குறைந்தால் அதற்கும் நல்லெண்ணெய். என் அண்ணன் தலையில் ஊற்றிய எண்ணெயில் ஊருக்கே பலகாரம் சுட்டிருக்கலாம். சனிக்கிழமை தவறாமல் வண்டி கட்டிக் குச்சனூர் சனீஸ்வரனுக்கு எள் தீபம் போடக் கூட்டிக்கொண்டு போவார்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அனுப்பவில்லை. படித்தால் மூளை சூடாகிவிடும் என்று அய்யா சொல்லிவிட்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை கோபம். பிள்ளைகள் என்றால் கோபப்படும், தட்டைத் தள்ளும், கத்தும். நான் தள்ளாத தட்டா? பெரியண்ணன் ஏழெட்டு வயதில் ஏதோ ஒரு பண்டத்துக்காகக் கத்தியபோது, அம்மா நடுங்கிப்போய் அவரை அறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டாளாம். அப்படி இரண்டு மூன்று தடவை. அதற்குப் பிறகு அவர் கத்தவே இல்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மாடு மிதித்தாலும் “சரி, சரி” என்பார். நாங்கள் அதை அவருடைய நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

எனக்கும் பெரியண்ணனுக்கும் இடையில் சின்னண்ணன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவருக்கு அம்மா வழியில் பேர் விட்டிருந்தார்கள், எனவே அவரைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. உத்தமபாளையத்துக்கு நடந்துபோய்ப் படித்தார். நன்றாகப் படித்தார், அழகாகப் பேசுவார், என்னை எந்நேரமும் கேலி செய்துகொண்டிருப்பார். அய்யா சந்தைக்குப் போனால் அவரைப் பற்றிப் பேசாமல் திரும்பமாட்டார். தாலுகா கச்சேரியில் குமாஸ்தா உத்தியோகம் கிடைக்கும் என்று அவராகவே முடிவு செய்து, அதற்குச் சட்டைத் துணிகூடப் பார்த்து வைத்திருந்தார்.

சின்னண்ணனுக்குப் பதினெட்டு நடக்கும்போது கேலி நின்றது. முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அவர் என்னோடு பேசுவதே நின்றது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏன் என்று கேட்டால், “சத்தமா இருக்கு” என்பார். வீட்டில் அம்மா உரலில் குத்துகிற சத்தம்கூட இருக்காது. சோற்றைப் போட்டால் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் அவர் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்துத் தின்ற பிறகுதான் தின்பார். தங்கச்சி மேல் எவ்வளவு பாசம் என்று அம்மா பூரித்துப்போவாள். எனக்கு மட்டும் அது பாசமாகத் தெரியவில்லை, ஏனென்றால் நான் விழுங்குகிறேனா என்று என் தொண்டையையே அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

ராத்திரி முழுக்க நடந்தால் பரீட்சைக்குப் படிக்கிறான் என்றார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்றபோது வாத்தியார் சரியில்லை என்றார்கள். யாரும் அவர் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் வைக்கவில்லை. திருடன் கொல்லைப்புறமாக உள்ளே நுழைந்துகொண்டிருந்தான், வீடே வாசலைக் காத்துக்கொண்டு நின்றது.

அந்த வருஷம் இரண்டு கல்யாணப் பேச்சு நடந்தது. ஒன்று எனக்கு. அல்லிநகரத்தில் பஞ்சு வியாபாரம் செய்கிற குடும்பம், கையில் ரொக்கமும் வாயில் மரியாதையும் உள்ளவர்கள். வைகாசியில் நிச்சயம் ஆகி ஆனியில் முகூர்த்தம் குறித்தாயிற்று. எனக்குப் பதினாறு வயது. மாப்பிள்ளையைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்திருந்தேன், பிடித்திருந்தது. இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை.

இன்னொன்று பெரியண்ணனுக்கு. இருபத்து நாலு வயது வரை அவருக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வரவில்லை. பேர் விட்ட கதை எல்லாருக்கும் தெரியும். குச்சனூரில் கோவில் பக்கம் எள் தீபம் விற்கிற வீடு ஒன்று, எங்கள் சாதிசனம்தான், தூரத்து உறவு. அந்த வீட்டுப் பெண் சின்ன வயதிலிருந்து சனிக்கிழமைதோறும் அண்ணனைப் பார்த்திருக்கிறாள். அவளே தன் தகப்பனிடம் சொன்னாளாம், “கோயிலுக்கு வார கூட்டத்துல ஒதுங்கி வழி விடுறது அவுக ஒருத்தருதான், அவுகளுக்கா கிறுக்கு?” என்று. என் கல்யாணம் முடிந்து அடுத்த முகூர்த்தத்தில் அவர்களுக்கு என்று பேச்சு. அந்த நாட்களில் பெரியண்ணன் தலைக்கு அவராகவே எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டார். அதற்கும் அம்மா ஒரு நிமிஷம் பயந்துதான் பார்த்தாள்.

என் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. பட்டப்பகல். நான் கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். வைக்கோல் படப்புக்குப் பின்னாலிருந்து சின்னண்ணன் வேகமாக வந்தார். கையில் தீப்பெட்டி. முகத்தில் ஒரு பெரிய வேலையை முடித்துவிட்ட திருப்தி.

“படப்புக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு என்னையப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தான். இனிமே பேசமாட்டான்” என்றார்.

நான் நிமிர்ந்தபோது படப்பின் மறுபக்கம் புகை எழும்பியது. நான் போட்ட கூச்சலுக்கு முதலில் ஓடிவந்தவர் பெரியண்ணன். தண்ணீர் எடுக்க நேரமில்லை என்று கையாலேயே எரிகிற வைக்கோலைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். பக்கத்தில்தான் மாடுகள் கட்டியிருந்தன. அவற்றை அவிழ்த்து விரட்டிவிட்டு மறுபடி நெருப்புக்குள் போனார். அய்யாவும் தெருக்காரர்களும் வந்து பார்த்தபோது, எரிகிற படப்பின் நடுவில், முடி கருகி, கையெல்லாம் கரியாக, வைக்கோலை நாலாபக்கமும் வீசிக்கொண்டு நின்றவர் அவர்தான்.

“வந்துருச்சு!” என்று ஒருவர் கத்தினார். “பேரு வேலையக் காட்டிருச்சு!”

அவ்வளவுதான். ஏழெட்டுப் பேர் அவரைப் பிடித்து அமுக்கினார்கள். அண்ணன் சொல்ல வாயெடுத்தார். அதை நான் பார்த்தேன். அப்போது என் முதுகுக்குப் பின்னால் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்த சின்னண்ணனை அவர் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். தாத்தா இருந்த அறைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். தொழுக்கட்டை அங்கேதான் மூலையில் கிடந்தது. கால் துளை அளவாக இருந்ததாம், அதையும் ஒருவர் வெளியே வந்து அதிசயமாகச் சொன்னார். காலைப் பிடித்து மாட்டிய அய்யா வெளியே வந்து முற்றத்தில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். இருபத்து நாலு வருஷம் பயந்துகொண்டிருந்தது நடந்துவிட்டது என்று நினைத்து அழுதார், பாவம். தான் என்ன செய்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். அதுதான் விஷயம்.

மூன்றாம் நாள் மத்தியானம் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் நான் சோறு கொண்டுபோனேன். அண்ணன் சுவரில் சாய்ந்திருந்தார். உள்ளங்கை கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. நானே பிசைந்து ஊட்டினேன்.

“அண்ணே, நான் அய்யாகிட்ட சொல்லிர்றேன். சின்னண்ணன் தீப்பெட்டியோட வந்தத நான் பாத்தேன்” என்றேன்.

அவர் மென்று விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“வேணாம் ஆத்தா. கொஞ்சம் யோசிச்சுப் பாரு. எனக்கு வந்துருச்சுன்னா, பேரோட வந்துச்சுன்னு சொல்லிட்டுப் போயிருவாக. அது என்னோட நின்னுரும். சின்னவனுக்கு வந்துருச்சுன்னா? அவனுக்கு எந்தப் பேரு? அப்ப ரத்தத்துலதான் இருக்குன்னு ஆயிரும். ரத்தம் உனக்கும் அதேதான. அல்லிநகரத்துக்காரவுக உன்னைய எடுப்பாகளா?”

“குச்சனூர்ல உங்களுக்குப் பேசியிருக்கே?”

“அதப் பெறகு பாப்போம்” என்றார். பிறகு என்ன பார்ப்பது? அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “இன்னும் ஆறு நாளுதான. இங்கன நெழலாத்தான் இருக்கு” என்று வேறு சொன்னார்.

நான் அழுதேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மாட்டேன், சொல்லத்தான் போகிறேன் என்றேன். அவர் தடுப்பார் என்ற தைரியத்தில்தான் அப்படிச் சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது நெஞ்சில் துக்கத்தோடு ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதிக்காக என்னை நான் மன்னித்ததே இல்லை.

செய்தி கேள்விப்பட்டு அல்லிநகரத்திலிருந்து மாப்பிள்ளையின் அய்யா நேரில் வந்தார். எங்கள் அய்யா எதையும் மறைக்கவில்லை. தாத்தா கதை, பேர் விட்டது, படப்பு எரிந்தது எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் கணக்குப் போட்டது சரியாக இருந்தது. வந்தவர் காப்பியைக் குடித்துவிட்டு, “விட்ட பேரு அப்படி. அதுக்குப் பொண்ணு என்ன செய்யும்?” என்று சொல்லிவிட்டுப் போனார். குச்சனூரிலிருந்து யாரும் நேரில் வரவில்லை. மன்னிக்கணும் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பெண்ணை மறுவருஷம் சின்னமனூருக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

கல்யாணம் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் நடந்தது. பந்தல் பளபளவென்று இருந்தது. கூட்டத்தில் ஏதாவது செய்துவிடுவார் என்று பெரியண்ணனை வெளியே விடவில்லை. மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவது பெண்ணின் உடன்பிறந்தவன் வேலை. பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு சின்னண்ணன் வந்து போட்டார். மோதிரம் இரண்டு தடவை நழுவியது. தங்கச்சியைப் பிரிகிற துக்கம் என்று சுற்றியிருந்த பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நாதசுரம் தொழுவத்து அறை வரைக்கும் நன்றாகக் கேட்டிருக்கும். தாலி ஏறும்போது நான் எதை நினைத்தேன் என்று என் வீட்டுக்காரர் பிற்பாடு ஒருநாள் கேட்டார். வெட்கமாக இருந்தது என்று சொல்லி வைத்தேன். அது பொய்யும் இல்லை.

நான் வண்டியேறிப் போன அன்றைக்கே அண்ணனை அவிழ்த்துவிட்டார்களாம். அமைதியாக இருந்ததால் தெளிந்துவிட்டது என்று நினைத்தார்கள். கோடாங்கி ஒருவன் கட்டிய தாயத்துக்கு அந்தப் பெருமை போய்ச் சேர்ந்தது.

ஐந்து மாதம்தான். உத்தமபாளையம் கடைத்தெருவில் சின்னண்ணன் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, தன்னைப் பற்றி என்ன பேசினீர்கள் என்று கேட்டு அடிக்கப் பாய்ந்தார். கட்டித் தூக்கி வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். தெருவில் நின்று, “படப்பக் கொளுத்துனது நான்தான், அண்ணன் இல்ல” என்று கத்தினாராம். அப்போதும் பாதிப் பேர் நம்பவில்லை. அண்ணன் மேல் விழுந்த பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான், என்ன பாசம் என்றார்கள். அய்யா மட்டும் நம்பினார். அவர் அன்றைக்குப் பெரியண்ணன் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார், “ஏன்டா சொல்லல?” என்று. சின்னவனைத் தொழுக்கட்டையில் போடலாம் என்று மற்றவர்கள் ஆரம்பித்தபோதுதான் அண்ணன் வாயைத் திறந்தார்.

“கட்டை வேணாம். அதுல இருந்து பாத்தவன் சொல்றேன். நான் பாத்துக்கிறேன்.”

பார்த்துக்கொண்டார், பதினைந்து வருஷம். கட்டையைத் துண்டு போட்டு வெந்நீர் அடுப்பில் வைத்தார்கள். சின்னண்ணனின் முதல் கவளத்தைத் தினமும் அவர் முன்னாலேயே பெரியண்ணன் தின்று காட்டினார். ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு மண்டலம் தங்கினார். வேப்பிலை அடித்தவர்களிடம் போனார், மூக்கில் மருந்து விட்டவர்களிடம் போனார். ஒரு தடவை மதுரையில் பெரிய டாக்டர் ஒருவரிடம் காட்டினார். அவர் சின்னண்ணனை வெகுநேரம் பேசவிட்டுக் கேட்டாராம், யாரும் அதுவரை செய்யாத காரியம் அது. பிறகு, உங்கள் குடும்பத்தில் முன்னால் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டாராம்.

தாத்தாவைச் சொல்லிவிட்டு அண்ணன் யோசித்திருக்கிறார். அய்யாவின் தங்கை ஒருத்தி இருந்தாள், எங்களுக்கு அத்தை. வாழப்போன இடத்தில் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். புருஷன் கொடுமை என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. அந்த மனுஷன் வீட்டோடு நாங்கள் இன்றுவரை கை நனைப்பதில்லை. ஆனால் சாவதற்கு முன் அவள் பேசுவதை நிறுத்தி, தன்னிடமிருந்த ஐந்து சேலையையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அண்ணன் அதையும் சொன்னாராம். அந்த ஒரு கேள்வி கேட்கும்வரை இதையும் அதையும் நாங்கள் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. தாத்தாவுக்கு நாற்றங்காலில் காற்றுக் கருப்பு அடித்தது, அத்தைக்குப் புருஷன், சின்னண்ணனுக்குப் படிப்பு. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணத்தைத் தயாராக வைத்திருந்தோம்.

சில குடும்பங்களில் இது வழிவழியாக வருகிறது, எல்லாருக்கும் வராது, யாருக்கு வரும் யாரை விட்டுவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது, இதில் ஒருவர் செய்த தப்பு என்று எதுவும் இல்லை. டாக்டர் இவ்வளவுதான் சொன்னார். தூக்கத்துக்கு மருந்து கொடுத்தார். திரும்பும் வழியில் அல்லிநகரத்தில் என் வீட்டில் இறங்கினார்கள். அண்ணன் செம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, “பேருல ஒண்ணும் இல்லையாம் ஆத்தா” என்றார். அவருக்கு அப்போது முப்பது தாண்டிவிட்டது. பேரில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தாலும் இனி அந்த வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

டாக்டர் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை. எனக்குள் ஒரு புழு புகுந்துகொண்டது. என் மூத்த மகள் தனியாகப் பாடிக்கொண்டிருந்தால் நான் அடுப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன். பொம்மையோடு பேசினால் என்ன பேசுகிறாள் என்று கதவோரம் நின்று கேட்பேன். ஒருநாள் அவள் கோபத்தில் செம்பைத் தூக்கி எறிந்தபோது, என் கை தானாக எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போயிற்று. என் அம்மாவை எத்தனை குறை சொல்லியிருப்பேன்! அன்றைக்குத்தான் அவள் எப்படிப் பயந்திருப்பாள் என்று தெரிந்தது. கிண்ணத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, எறிந்த செம்பை எடுத்துவைக்கச் சொல்லி மகளை நாலு வார்த்தை ஏசினேன். எல்லாத் தாயும் ஏசுகிற மாதிரித்தான் ஏசினேன்.

யுத்த காலத்தில் ஒரு காலராவில் சின்னண்ணன் போய்ச் சேர்ந்தார். கடைசி இரண்டு நாள் தெளிவாகப் பேசினார் என்றும், பழையபடி கேலிகூடச் செய்தார் என்றும் பெரியண்ணன் சொன்னார். உண்மையா, என் ஆறுதலுக்காகச் சொன்னாரா தெரியாது. கேட்கவும் இல்லை.

யுத்தம் முடிந்த மறுவருஷம் என் மகளைப் பெண் பார்க்கப் போடியிலிருந்து வந்தார்கள். ஏலக்காய் வியாபாரம், நல்ல குடும்பம். ரயில் தண்டவாளத்தை யுத்தத்தில் பெயர்த்துக்கொண்டு போய்விட்டதால் பஸ்ஸில் புழுதியோடு வந்து இறங்கினார்கள். தாய்மாமன் இல்லாமல் பேச்சு நடக்காதே, பெரியண்ணன் முதல் நாளே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை போட்டு, நரைத்த தலையைச் சீவி, என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மகள் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவர்களுக்குப் பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா, தப்பாக நினைக்கக்கூடாது என்று ஆரம்பித்தாள்.

“ஒங்க பெறந்த வீட்டுல ஒருத்தருக்குச் சித்தம் சரியில்லாம இருந்துச்சுன்னு சொன்னாக. பேரு விட்டதால வந்துச்சுன்னும் சொன்னாக. அம்புட்டுத்தானா, வேற யாருக்கும் உண்டா? கேட்டுக்கிறது நல்லதில்லையா?”

நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் சொன்னார், சிரித்த முகத்தோடு.

“அது நான்தான். எங்க தாத்தா பேரு எனக்கு. சின்ன வயசுல படப்பக் கொளுத்திட்டேன். அப்பறம் தெளிஞ்சுருச்சு. வேற யாருக்கும் கெடையாது.”

எவ்வளவு சுலபமாகச் சொன்னார்! பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் கட்டைக்குள் காலை நீட்டிவிட்டார். அந்த அம்மாளும் தலையசைத்துவிட்டாள். நான் சும்மா இருந்திருந்தால் போதும். என் கல்யாணத்துக்குச் சும்மா இருந்த மாதிரி என் மகள் கல்யாணத்துக்கும் இருந்திருந்தால், வெற்றிலைத் தட்டு மாறியிருக்கும்.

“இல்லைங்க” என்றேன். “எங்க அண்ணனுக்கு ஒருநாளும் ஒண்ணும் வந்ததில்ல. வந்தது எங்க தாத்தாவுக்கு, அத்தைக்கு, செத்துப்போன சின்னண்ணனுக்கு. பேருல இல்ல. எங்க வழியில இருக்கு. எம்பிள்ளைக்கு வராமலும் போகலாம். வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் ஏச்சும் இல்லை, சம்மதமும் இல்லை. வந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. யோசித்துச் சொல்லி அனுப்புகிறோம் என்று மரியாதையாகச் சொல்லி எழுந்தார்கள். சொல்லி அனுப்பவில்லை. மகளுக்கு இரண்டு வருஷம் கழித்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சரி என்று சொன்ன ஓர் இடத்தில் அமைந்தது. ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? உள்ளறையில் அவள் விசும்புவது கேட்டது.

பஸ் ஏற்றிவிட்டு வந்த அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடுவீட்டில் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

“எதுக்கடி சொன்ன?” என்றார். அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. “யார் கேட்டா ஒன்னைய? நாந்தான் சொல்லிட்டேன்ல! ஒம்பது நாளு கட்டையில கெடந்தேன். கொட்டுச் சத்தத்தக் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். எவளோ ஒருத்தி எனக்குன்னு இருந்தா, அவளையும் விட்டேன். எல்லாம் எதுக்கு? இன்னைக்கு நீ நாலு பேரு முன்னால அத்தனையையும் கொட்டிக் கவுக்குறதுக்கா?”

கையிலிருந்த துண்டைத் தரையில் அடித்தார். செம்பை உதைத்தார், அது உருண்டு சுவரில் மோதியது. கத்தினார். என்னை, அய்யாவை, பேர் விட்டவர்களை, காதுகுத்துக்கு வந்து தின்றுவிட்டுப் போனவனை, குச்சனூர்ச் சாமியை, ஒருத்தரையும் விடாமல் ஏசினார். தெருவில் ஆள் கூடிவிட்டது. நாற்பது வயதைத் தாண்டிய மனுஷன், வாய் குழறக் குழற, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டு அவர் முன்னால் நின்றேன்.

என் வீட்டுக்காரருக்குப் பயம் வந்துவிட்டது. “மச்சான், மச்சான்” என்று பின்னால் வந்து அவர் இரண்டு கையையும் சேர்த்துப் பிடிக்கப் போனார். நான் குறுக்கே புகுந்து தடுத்தேன்.

“விடுங்க. அவுகளத் தொடாதீக. அவுகளுக்கு ஒண்ணும் இல்ல, கோவம்தான்.”